ஒரு தரம், இரண்டு தரம்

“படிக்கவா, வேண்டாமா?” மனைவி மூன்றாவது முறையாகக் கேட்டும் ஏலக்காரர் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அவள் கேள்விக்கு எந்தக் காலத்தில் பதில் சொன்னார், இன்றைக்குச் சொல்ல?

இப்போது சொல்ல நினைத்தாலும் முடியாது. நாலு தெருவுக்குக் கேட்ட தொண்டை பக்கவாதத்தில் அடைத்துப்போனது. கையும் காலும் அசையாது. ஒரு தரம் சிமிட்டினால் ‘ஆமாம்’, இரண்டு தரம் சிமிட்டினால் ‘இல்லை’ என்று டாக்டர் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார்.

ஒரு தரம் சிமிட்டினார்.

அவள் கண்ணாடியைப் போட்டு மாத்திரை அட்டையைச் சரிபார்த்து, பொடித்துக் கரைத்து ஊட்டினாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நர்ஸம்மா கொடுத்த தடித்த நாவலைப் பிரித்தாள்.

அதில் ஒரு துணிக்கடைக்காரன், அவன் பெண்டாட்டி. முதலில் யார் வீட்டுக் கதையோ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து நாளாகத்தான் ஏலக்காரர் ஒவ்வொரு வரிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார்.

“அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. அவள் கிளம்பி வாசலில் நின்றாள். ‘வியாபார நேரத்துல நீ போயிட்டா வீட்டை யாரு பாக்கறது?’ என்றான். செருப்பைக் கழற்றி வைத்தாள். மறுநாள் இன்னொரு தகவல் வந்தது.”

எழுதின பாவிக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அவர் சொன்னது ‘ஏல நேரம்’. மற்றபடி அதே வாசல், அதே செருப்பு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

இவள் என்னடாவென்றால் எதுவும் உறைக்காமல் பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி வாசிக்கிறாள். அந்த மட்டும் தப்பித்தோம் என்றும் இருந்தது. ‘மன்னிச்சுக்கோ’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல நாக்கு புரளாதா என்றும் இருந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள். “ஏங்க, அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு அவனுக்குத் தோணியிருக்குமா?”

ஊரையே கூவி விற்ற மனுஷர், உயிரையெல்லாம் திரட்டி ஒரு தரம் சிமிட்டினார். அதோடு நிறுத்தத்தான் பார்த்தார். கட்டி நின்ற கண்ணீர் உருள, பாழாய்ப்போன இமை தானாகவே இன்னொரு தரம் மூடித் திறந்தது.

“தோணியிருக்காதா,” என்றாள். “நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

இல்லையடி, இல்லையடி என்று அவர் உள்ளுக்குள் கதறினார். இமை கணக்கில்லாமல் அடித்துக்கொண்டது.

“கண்ணு உறுத்துது போல. தூங்குங்க.” துணியால் ஒற்றி, இமையை மெல்ல மூடிவிட்டாள். புத்தகத்தை மூடி, மேசையில் கிடந்த கண்ணாடியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“இந்த நாவல் போன வாரமே முடிஞ்சு போச்சுங்க. இது நம்ம கதை.”