இந்த மூக்குக்கு என்ன குறை?

"உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

மூன்றாவது முறையாகக் கேட்டார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "எந்த ஆபரேஷன்லயும் கொஞ்சம் ஆபத்து இருக்கு சார். முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம். ரத்தக் கசிவு வரலாம், மூச்சு விடறதுல சிரமம் வரலாம். வாய்ப்பு குறைவு. ஆனா வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்."

"கேட்டியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நமக்குத் தேவையா?"

அவள் பிளாஸ்டிக் மூக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கைப்பையின் வாரைத் திருகினாள்.

இருபது வருஷமாக மூக்குகளோடு புழங்குகிறவர் அவர். நீள மூக்கு, சப்பை மூக்கு, கிளி மூக்கு என்று எது வந்தாலும், ஒரு பார்வை பார்த்தே பொருத்தமான ஃப்ரேமை எடுத்து நீட்டிவிடுவார். அப்படிப்பட்டவருக்கே, போன மாதம் மனைவி, "மூக்கைச் சரிபண்ணிக்கணும்" என்றபோது தூக்கிவாரிப் போட்டது. பத்து நாள் மறுத்தார். பதினோராவது நாள் கடைக்கு வந்த ஓர் அம்மாள், "உங்க வீட்டம்மா மூக்கு ஏன் ஒரு பக்கமா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவைக்க, அரைமனதாகச் சம்மதித்தார்.

தனியே அனுப்ப மனம் வரவில்லை. மனைவி விஷயத்தில் அவர் அப்படித்தான். காய்ச்சல், தலைவலி என்றாலும் அவளை வெளியே அலையவிடாமல், மாத்திரையைத் தானே வாங்கிவந்து கொடுப்பார். 'கொடுத்துவைத்தவள்' என்று தெருவே பேசிக்கொள்ளும்.

டாக்டர் எழுந்து வந்து அவள் மூக்கின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்காது டாக்டர்" என்றார் கணவர்.

"எப்பலேருந்து இப்படி வளைஞ்சிருக்கு?"

"சின்ன வயசுல ஊஞ்சல்லேருந்து விழுந்துட்டா."

"நான் அவங்களைக் கேட்டேன் சார்."

"அவ பேச மாட்டா டாக்டர். ரொம்பப் பயந்த சுபாவம்."

டாக்டர் திரும்பப் போய் உட்கார்ந்தார். "அவசரமே இல்லை. நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க. கண்ணைச் சுத்தி ரெண்டு வாரம் கறுத்துப்போயிருக்கும். வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். நினைச்ச மாதிரியே மூக்கு அமையும்னு எழுதித் தர முடியாது. அப்புறம், ஆறு வாரத்துக்கு மூக்கு மேல கண்ணாடி போடக் கூடாது."

"என் வீட்டுலயே கண்ணாடிக்குத் தடையா?" என்று தமாஷ் பண்ணப் பார்த்தார். சிரிப்புதான் வரவில்லை.

"முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். உள்ளே எலும்பு எப்படி இருக்குன்னு தெரியணும்."

"ஸ்கேனா?" அவர் எழுந்தேவிட்டார். "வேண்டாம் டாக்டர். அந்தக் கதிரெல்லாம் உடம்புக்கு ஆகாது."

"அஞ்சு நிமிஷ வேலை சார்."

"அப்ப நானும் உள்ளே வரேன். அவ தனியா இருந்ததே இல்லை."

"ஸ்கேன் ரூமுக்குள்ள அவங்க மட்டும்தான் வரலாம்."

அவர் மனைவியின் கையைப் பற்றினார். ஐஸ்போலச் சில்லிட்டிருந்தது. அவள் கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் டாக்டரின் பின்னால் நடந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிஷம் பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. வெளியே வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அவர் நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கதவில் காதை வைத்துப் பார்த்தார். டாக்டரின் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் இன்னொரு குரல் நிறுத்தி நிறுத்திப் பேசியது. அது யார் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் இத்தனை நேரம் தொடர்ந்து பேசி அவர் கேட்டதேயில்லை. கைப்பிடியைத் திருகினார். உள்ளே தாழ்.

"ஏன் சார் இப்படி நடுங்கறீங்க?" நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். "எங்க வீட்டுலயும் ஒரு மனுஷன் இருக்காரே! எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப வெளியே உக்காந்து கிரிக்கெட் பார்த்துட்டிருந்தாரு. பொண்டாட்டி மேல இவ்வளவு பாசத்தை நான் பார்த்ததே இல்லை."

அவர் தண்ணீரை வாங்கினார். பாதி சட்டையில் கொட்டியது.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. உள்ளே டாக்டர் மட்டும் இருந்தார்.

"என்ன டாக்டர், என்ன ஆச்சு? அவ எங்கே?"

"உக்காருங்க சார். ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. பொத்தென்று நாற்காலியில் சாய்ந்தார். "நான் அப்பவே சொன்னேனே டாக்டர்! இந்த மூக்குக்கு என்ன குறை? கூப்பிடுங்க, கிளம்பறோம்."

"அவங்க அக்கா வந்து பின்பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போயாச்சு" என்றார் டாக்டர். "அவங்க ஆபரேஷனுக்காக வரவே இல்லை சார். நீங்க மூணு தடவை குத்தி உடைச்ச எலும்பைப் பார்த்து, அதைக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர ஒரு டாக்டர் வேணும்னுதான் வந்தாங்க, போட்டுக் கொடுத்துட்டேன்."