எட்டரை பில்லியன் சம்பந்தம்

“சனம் ஓசியிலை கதைக்கலாம் எண்டுதானே ஸ்கைப்பிலை கதைக்குது? அதைப்போய் எட்டரை பில்லியன் டொலர் குடுத்து வாங்கிற மைக்ரோசொப்ட்காரன் விசரனோ இல்லையோ, சொல்லுங்கோ!”

கனகேஸ்வரி திரும்பிப் புருசனைப் பார்த்தாள்.

கேட்டவர் மெல்பேணில், கிளேட்டனில் இருக்கும் சச்சிதானந்தன். மாப்பிள்ளை ஆரூரனின் தகப்பன். கொம்பியூட்டர் திரை முழுக்க அவருடைய முகம்தான் நிறைந்திருந்தது.

சிட்னியில், இந்தப் பக்கத்துக் கதிரையில், கனகேஸ்வரியின் புருசன் யோகராசா வாயே திறக்காமல் இருந்தார். அந்தப் பேசாமல் இருக்கிற இருப்புத்தான் அவளுக்குப் பெரிய பயம்.

மனுசன் ஒரு கணக்காளர். மூன்று நாலு நாளைக்கு முன்னம் இந்தச் செய்தி வந்ததில் இருந்து, மைக்ரோசொப்ட் செய்தது எவ்வளவு புத்தியான வேலை என்று ரயிலில் பக்கத்தில் இருந்தவனுக்கும் விளங்கப்படுத்தினார், தலைமயிர் வெட்டுகிறவனுக்கும் விளங்கப்படுத்தினார்.

அந்த வாய் ஏற்கெனவே மகள் வதனியின் மூன்று சம்பந்தங்களைக் குழப்பியிருந்தது.

முதலாவது கிரிக்கெட்டில் போனது. இரண்டாவது, மெல்பேண் கரையில் பொயிண்ட் குக் பக்கம் வீடு வாங்குவது புத்தியோ என்ற கதையில் போனது. மூன்றாவது எதில் போனது என்று அவருக்கே ஞாபகமில்லை.

அப்பொழுதெல்லாம் வதனி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். இந்த முறை அப்படியில்லை. சிட்னிக்கு வந்திருந்த ஆரூரனை மேய்ஸ் ஹில் முருகன் கோயில் திருவிழாவில் கண்டு இரண்டு வார்த்தை கதைத்திருந்தாள். “அம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அப்பாவை மட்டும் ஒருக்கா...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கண் கலங்கினாள்.

அதனால்தான் கனகேஸ்வரி இன்று காலமை புருசனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆர் என்ன சொன்னாலும் ‘ஓம்’ மட்டும்தான் என்று முருகனுக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள்.

முதல் சந்திப்பு ஸ்கைப்பில் என்பது இரண்டு வீடும் சேர்ந்து எடுத்த முடிவு. நேரில் வந்து, சாப்பிட்டு, பிறகு சரிவராமல் போனால் ஊர் உலகமெல்லாம் கதை கட்டும். ஸ்கைப்பில் குழம்பினால் ஒருவருக்கும் தெரியவராது.

அப்படியிருந்தும் கனகேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. வடை சுட்டு அடுக்கி, தட்டைக் கமராவுக்கு முன்னால் வைத்திருந்தாள். மெல்பேணிலும் ஒரு தட்டு வைத்திருந்தார்கள். “எடுங்கோ, எடுங்கோ” என்று இரண்டு பக்கமும் உபசரித்து முடிந்த பிறகுதான் சச்சிதானந்தன் இந்த நாசமாய்ப்போன கதையை எடுத்தார்.

“ஓம்” என்றார் யோகராசா.

கனகேஸ்வரி அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

“அதுதானே! வருமானம் இல்லாத சாமான்” என்றார் சச்சிதானந்தன்.

யோகராசா ஒரு வடையை எடுத்து முழுசாய் வாய்க்குள் தள்ளினார்.

“மூளை உள்ளவன் ஆராவது வாங்குவானே?”

வடை இறங்கியது.

“நான் வாங்குவன்” என்றார் யோகராசா.

அவ்வளவுதான். சத்தியம் போன இடம் தெரியவில்லை.

“சனத்தையெல்லோ வாங்கிறான் ஐசே! இனி உலகத்திலை ஆர் ஆரோடை கதைக்கிறதெண்டாலும் அவன்ரை வாசலாலைதான் போகவேணும்!”

சம்பந்தியைத் தெருப் பெடியனைக் கூப்பிடுகிற மாதிரி ‘ஐசே’ என்கிறார்! கனகேஸ்வரி தலையில் கை வைத்தாள்.

“வாசலாலை போறவனெல்லாம் காசு குடுக்கிறவனே? நாங்கள் இவ்வளவு நேரமாய்க் கதைக்கிறம், ஒரு சதம் குடுத்தனாங்களே? உமக்கு வியாபாரம் விளங்காது!”

‘நீங்கள்’, ‘நீர்’ என்று இறங்கிவிட்டது. இனி அடுத்தது ‘நீ’தான்.

யோகராசா கதிரையை விட்டு எழும்பினார். திரையில் இப்பொழுது பெல்ட்டுக்கு மேலே தள்ளிய அவருடைய வண்டி மட்டும்தான் தெரிந்திருக்கும். சச்சிதானந்தனும் எழும்பினார். மூலையில் சேலையோடு இருந்த வதனி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கனகேஸ்வரி ஒன்றும் யோசிக்கவில்லை. டிவிக்குப் பின்னால் கையை விட்டு, இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடித்து ஒரே இழுவை.

சச்சிதானந்தன் திறந்த வாயோடு அப்படியே நின்று, பிறகு மறைந்துபோனார்.

“பாத்தியே! பதில் சொல்ல ஏலாமல் ஓடிட்டான்!” யோகராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வதனி எழும்பிப்போய்த் தன்னுடைய அறைக் கதவைச் சாத்தினாள். சத்தமே இல்லாமல் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பெற்றவள் தாங்கியிருப்பாள்.

நாலாவதும் போச்சு.

அப்பொழுது, வடை சுட்ட குசினியில் டெலிபோன் அடித்தது. எடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் சிவனேஸ்வரி, குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

“அக்கா, தயவுசெய்து குறை நினைக்காதேங்கோ. உங்கடை அவரிலை ஒரு பிழையுமில்லை. இந்த மனுசனுக்குத்தான் வாய் சும்மா கிடவாது. லைன் தானாய் அறுந்து போகேல்லை அக்கா. நான்தான் பின்னாலை போய் வயரைப் புடுங்கினனான்.”

கனகேஸ்வரி குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பிள்ளை,” என்றாள் மெல்ல, “நானும்தான்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. இவளும் குசினிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டெலிபோனுக்குள், எங்கேயோ தூரத்தில், சச்சிதானந்தனின் குரல் கேட்டது.

“பாத்தியே! பதில் சொல்ல ஏலாமல் ஓடிட்டான்!”

இரண்டு பெண்களும் மூச்சு வாங்கி முடிய, சிவனேஸ்வரி ஆவணியில் நல்ல நாள் இருக்கிறதென்றாள். கனகேஸ்வரி ஓம் என்றாள். சம்பந்திமார் இருவரையும் கலியாண மண்டபத்தின் இரண்டு அந்தங்களில் இருத்துவதென்றும் அப்பொழுதே பேசி முடித்தார்கள்.

டெலிபோனைக் கையோடு கொண்டுபோய் மகளின் கதவில் தட்டினாள் கனகேஸ்வரி.

“கதவைத் திற பிள்ளை. உன்ரை மாமி உன்னோடை கதைக்கவேணுமாம்.”