பாதிச் சிறகு

ஒரே வரிசையில் குனிந்து, நாற்று நட்டபடி பின்னோக்கி நகர்கிறார்கள் எட்டுப் பெண்கள். பிந்துகிறவளை மேஸ்திரி மறுநாள் கூப்பிடுவதில்லை. அதனால் அஞ்சம்மாள், காலையில் வரப்பில் வழுக்கி விழுந்து வீங்கிய வலது மணிக்கட்டைச் சேறு பூசி மறைத்திருக்கிறாள். நாற்றுமுடியிலிருந்து ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி எழுகிறது. ஒரு பக்கச் சிறகில் பாதியைக் காணோம். மிச்சத்தைப் படபடவென அடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தத்தளிக்கிறது. "எங்கயாச்சும் செத்த நேரம் உக்காந்தா என்னவாம்?" என்கிறாள் பக்கத்தில் நடும் செம்மொழி. "உக்காந்தா எந்திரிக்க முடியாதுடி" என்கிறாள் அஞ்சம்மாள், நிமிராமல். தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அவளுடைய வலுவில்லாத விரல்கள் ஊன்றிய மூன்று நாற்றுகள் மண்ணை விட்டு எழும்பி, வெள்ளை வேர் தெரிய மிதக்கின்றன. மேஸ்திரி குடையோடு நிற்கும் வரப்பை நோக்கி மெல்லப் போகின்றன.