நாற்பத்தோராவது பிள்ளை

நோயில்லாத பிள்ளைகளின் கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்று ஸ்கேனில் அளக்கும் ஆய்வு அது. வந்த பிள்ளைகள் நாற்பது பேர். மெஷினில் நாற்பத்தொரு பேரின் அளவு இருந்தது. கடைசி அளவு, கட்டில் காலியாகக் கிடந்த மதியத்தில் தானாகப் பதிவானது.

"மெஷின் கோளாறும்மா, அழிச்சிடு," என்றார் டாக்டர்.

"கோளாறுன்னா தாறுமாறா வரும் சார். ஒரு பிள்ளைக்கு எடுக்கற பத்து தடவையும் ஒரே சீரா வந்திருக்கு. நல்லா இருக்கற பிள்ளை இது. அழிக்க மாட்டேன்," என்றாள் ஸ்கேன் எடுப்பவள்.

"வேலை போயிடும்."

"போகட்டும் சார்."

அவர் போனதும் பட்டியலில் நாற்பத்தொன்று என்று அழுத்தி எழுதினாள். அப்போதுதான் உறைத்தது. அளக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லி, முடிந்ததும் விடச் சொல்வாள். இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

"போதும்டா கண்ணு, மூச்ச விடு," என்றாள்.

கட்டிலில் உப்பியிருந்த காகித விரிப்பு மெல்லத் தாழ்ந்தது.