பத்தி முடியும் இடத்தில்

அவளை எழுந்து நிற்கச் சொல்லித்தான் வாசிக்க வைத்தான் தீர்த்தகிரி.

மீட்டிங் அறையின் திரையில் கோப்பு விதிகளின் புதிய பதிப்பிலிருந்து ஒரே வரி, பெரிய எழுத்தில்.

மூடாமல் விட்ட டேக், அது இருக்கும் பத்தி முடியும் இடத்தில் மூடியதாகக் கொள்ளப்படும்.

வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கினால் அவனுக்குக் கொண்டாட்டமாகிவிடும்.

டேக் என்றால் கோப்பில் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி. பழைய பதிப்பில் 'பகுதி முடியும் இடத்தில்' என்றுதான் இருந்தது. பகுதி என்றால் பத்தியா, அத்தியாயமா? விதியை எழுதிய புண்ணியவான்கள் சொல்லவில்லை. கீழே கொடுத்திருந்த உதாரணம் அத்தியாயம் என்றது.

அதை நம்பித்தான் பார்சரை எழுதினாள். கோப்பைப் படித்து, எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்துக் கொடுக்கும் நிரல். ஒரு வருட உழைப்பு.

டீம் லீட் தீர்த்தகிரியின் பழைய பார்சர் பத்தியோடு நிறுத்திவிடும். அது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். விதிக்குழுவுக்கும் எழுதிப் போட்டாள்.

அந்தக் குழுவில் அவனும் இருக்கிறான் என்பதைத்தான் யோசிக்காமல் விட்டாள்.

தப்பைத் திருத்தச் சொன்னாள். அவன் விதியைத் திருத்திவிட்டு வந்து நிற்கிறான்.

"நீங்க கேக்கலேன்னா இது மாறியே இருக்காது ஜெசிந்தா. ரொம்ப தேங்க்ஸ்."

யாரோ சிரித்தார்கள்.

அவன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பிடித்து ஓர் இழு இழுக்க வேண்டும் போலிருந்தது.

அவளுடைய பார்சரைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை வாடிக்கையாளரிடம் போவது அவனுடையது. அவன் பெயரில்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த வரியை மறுபடி, மனதுக்குள் வாசித்தாள்.

பத்தி முடியும் இடத்தில்.

பத்தி முடிவதைக் காட்டுவதும் ஒரு டேக்தானே. அதையே மூடாமல் விட்டிருந்தால்?

விதி அதைச் சொல்லவில்லை. அவனுடைய பார்சர் பத்தியின் முடிவைத் தேடிக்கொண்டு ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும்.

வாடிக்கையாளரின் கோப்புகளில் பாதி அப்படித்தான். திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"வேற யாருக்காவது டவுட் இருக்கா?"

யாருக்காவது என்றான். பார்த்தது அவளைத்தான்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"இல்ல சார். ரொம்பத் தெளிவா இருக்கு."