சுவருக்குள் இருக்கும் பெயர்கள்

மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழக மண்டபத்துத் திரையில், ஸ்பெயினின் பழைய ரோமானிய நகரச் சுவர் வெயிலில் பொன்னாக நிற்கிறது. ஜன்னல் சீலையின் இடைவெளியால் வரும் பின்னேர வெளிச்சம் அதன் கோபுரம் ஒன்றை வெளிறச் செய்கிறது. அந்தச் சுவரைப் பாதுகாப்பது பற்றிப் பேச வந்திருக்கும் நிரஞ்சலா படத்தை மாற்றுகிறாள். இப்போது சுவரின் அடிப்பகுதி மட்டும் தெரிகிறது. பகைவர் வருகிறார்கள் என்ற அவசரத்தில் ஊரார் பிடுங்கி வந்து அடுக்கிய கல்லறைக் கற்கள் அங்கே எழுத்துகள் தலைகீழாகத் தெரியக் கிடக்கின்றன. முன்வரிசையிலிருந்து கூட்ட அமைப்பாளர் கையைச் சுழற்றுகிறார். "கல்லறைகள் வேண்டாமே, கோபுரங்களைப் பார்க்கத்தானே எல்லோரும் வந்திருக்கிறார்கள்," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்கிறார். அவளுடைய விரல் பொத்தானின் மேல் இருக்கிறது, ஆனால் அழுத்தவில்லை. மன்னாரில் அவளுடைய தம்பி யோனைப் புதைத்த சேமக்காலையின் கல்லறைகளைப் புல்டோசர் தரைமட்டமாக்கியபோது, அவன் பெயர் பொறித்த கல் எந்த வீதிக்கு அடியில் போனதென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. "இந்தச் சுவரைக் காப்பாற்றுகிறோம் என்றால் இந்தக் கற்களில் இருப்பவர்களையும்தான் காப்பாற்றுகிறோம். பெயர்களை வாசித்த பிறகுதான் அடுத்த படம்," என்கிறாள். எங்கோ ஒரு கதிரை கிறீச்சிடுகிறது. அமைப்பாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். "வலேரியா, ஒன்பது வயது," என்று மெல்லிய குரலில் வாசிக்கத் தொடங்குகிறாள். முன்வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த அவளுடைய தாய் அன்னமலர் எழுந்து நிற்கிறாள். "சத்தமா வாசி பிள்ளை," என்கிறாள் தமிழில். "பின்னுக்கு இருக்கிறவைக்கும் கேக்கட்டும்."