இறந்தவரின் இருமல்

அமெரிக்க மருத்துவப் பயிற்சிக்கான முதல் தேர்வில் டாக்டர் ஜெசிந்தா தட்டுத் தடுமாறித்தான் தேறியிருந்தாள். அடுத்ததில் எல்லோரும் வாய்பிளக்கும் மதிப்பெண். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம் பிடிக்கவில்லை. “முதல் தேர்வுக்குச் சரியா படிக்கலன்னு விண்ணப்பத்துல எழுதினா ஒரு பய கூப்பிட மாட்டான் டாக்டர். அந்த நேரத்துல வீட்ல ஒரு சாவுன்னு எழுதுங்க. அப்பான்னா எடுபடும்.” அவள் தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னபோது, அப்பா சூசை மீனில் முள்ளெடுத்தபடியே, “அதுக்கென்னம்மா, என்னையே போட்டுக்கோ” என்றார்.

எழுதியது பலித்தது. இன்று மாலை கணினியில் முதல் நேர்காணல். ஒற்றை அறை வீடு, வெளியே கொட்டும் மழை. போக இடமில்லாத சூசை, கேமராவுக்குப் படாமல் கட்டில் மூலையில், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமல்காரர். ஒவ்வொரு இருமலுக்கும் தோள்கள் மட்டும் குலுங்கின.

திரையிலிருந்த வெள்ளைக்கார அம்மாள் குரலைத் தாழ்த்தி வருத்தம் தெரிவித்தாள். உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். இதை ஏஜென்ட் சொல்லித்தரவில்லை. ஜெசிந்தா ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள். குரல் உடைந்தது. அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரை அணைந்ததும் சூசை துண்டை உருவி ஆசைதீர இருமினார்.

“என்னப் பத்தி என்னம்மா கேட்டாவ?”

“எப்படிப்பட்ட மனுஷன்னு கேட்டாவ. தங்கமான மனுஷன்னு சொன்னேன்.”

அவர் அடுத்த நேர்காணலுக்காகத் துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்தார்.

“இருந்த காலத்துல ஒரு நாளும் சொன்னதில்லயே” என்றார்.